அருளப்புவின் மூக்கு

என் தங்கை நிறஞ்சலாவின் புருஷன் அருளப்பு வங்காலைக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். அவன் தொழில் கையில் பாதி, மூக்கில் பாதி. பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா, எஞ்சின் ஓயில் கருகிவிட்டதா, எல்லாவற்றையும் மணந்தே சொல்லிவிடுவான். அருளப்பு மணந்து பார்த்துவிட்டான் என்றால் கரையில் அதற்கு மேல் பேச்சில்லை.

கொரோனாக் காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. அடிப்பிடித்துக் கருகிய கணவாய்க் கறியை நிறஞ்சலா பயந்து பயந்து வைக்க, இவன் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். அன்றுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அவள் எனக்குச் சொன்னாள். மூக்கில்லாத மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம். அவனும் காதையும் கையையும் வைத்துச் சமாளித்தான்.

போன வருடம் தோட்டவெளிச் சுகந்தன், வெளிநாட்டுக்காரரைக் கடலில் சுற்றிக் காட்டவென்று ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி வந்தான். மேலே பலகை அடித்து மூடிய படகு. காற்று விழுந்த நேரத்துக்கு உள்ளே ஒரு எஞ்சின் வேண்டும். எங்கள் வள்ளங்களில் எஞ்சின் பின்பக்கம் வெளியே தொங்கும். வயிற்றுக்குள் எஞ்சின் வைக்கிற பாய்ப்படகு அருளப்புவுக்குப் புதிது. இரண்டு நாள் வேறு வேலைக்கே போகாமல் அதற்குள்ளேயே படுத்துக் கிடந்தான்.

டீசலா பெற்றோலா என்பதுதான் கேள்வி. டீசல் எஞ்சின் பாரம், இரைச்சல், படகையே உலுப்பும். பெற்றோல் எஞ்சினுக்குப் பாரமும் சத்தமும் குறைவு; வருகிறவர்கள் கதைத்துக்கொண்டு போகலாம். அருளப்பு டீசல் என்றான். சுகந்தன் பெற்றோல் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு யோசனை கேட்டான்.

ஏன் டீசல் என்று நான் கேட்க, அருளப்பு ஒரு சிரட்டையில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி என் முன்னால் வைத்துப் பாடம் எடுத்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமாம். மேலே போகாது, தண்ணீரைப்போலப் பள்ளம் தேடும். திறந்த வள்ளத்தில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மூடிய படகில் அடியில் தங்கிவிடும்; ஒரு பொறி போதும். டீசல் அப்படி லேசில் பற்றாது. இதற்காகவே ஆவியை வெளியே இழுக்க ஒரு விசிறி பூட்டினான். முதலில் ஐந்து நிமிடம் விசிறி, பிறகு குனிந்து மணந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சாவி என்று சுகந்தனுக்குச் சொல்லியும் கொடுத்தான்.

நீ எதை வைத்து மணப்பாய் என்று கேட்டேன்.

"விசிறி இருக்குத்தானே, மச்சான்" என்றான்.

எங்கள் கரையில் புதுப் படகு இறக்கும்போது பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிப்பார். படகின் முன்பக்கம் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைப்போம். அது அணையாமல் எரிந்து முடிய வேண்டும். சுகந்தனின் படகு இறக்கிய அன்றைக்குச் சோளகக் காற்று அதை மூன்று முறை அணைத்துவிட்டது. சுகந்தனின் மனைவி பிறின்சியின் முகம் வாடிவிட்டது. உள்ளே எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் காற்றுப் படாது என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. சிரட்டைப் பாடம் கேட்ட எனக்கும்தான். மெழுகுதிரியைக் கொளுத்தி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

அருளப்பு குறுக்கே வந்து திரியை விரலால் நசுக்கி அணைத்தான். பிறகு எஞ்சினுக்கு மேலிருந்த மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான். கரையே அவன் முகத்துக்காகக் காத்து நின்றது. 'சரி' என்று ஒரு சொல் போதும், அவன் பிழைப்புக்கு ஒன்றும் வராது. அந்தச் சொல்லைச் சொல்லிவிடடா என்றுதான் நானும் மனத்துக்குள் கெஞ்சினேன்.

அவன் தலையை வெளியே எடுத்தான்.

"சுவாமி, எனக்கு மணம் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு ஒண்டுமே தெரியேல்லை. வேற ஆராவது மணந்து பாருங்கோ."

சுகந்தனின் முகம் கறுத்தது. பிறின்சி குனியவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"காலமையில இருந்து மணக்குது, அருளப்பண்ணை. நீங்கள் ஒண்டும் சொல்லாதபடியா நாங்களும் பேசாமல் நிண்டனாங்கள்."

அடிப்பலகையைத் தூக்கினோம். குழாய்ப் பூட்டு ஒன்று கசிந்து, ஒரு போத்தல் பெற்றோல் அங்கே தேங்கிக் கிடந்தது. படகைச் சுற்றிக் குழந்தை குட்டிகளோடு நாற்பது பேர் நின்றோம். அருளப்பு மணலில் குந்தியிருந்து அழுதான்.

சுகந்தன் இப்போது டீசல் எஞ்சின்தான் ஓடுகிறான். அதைப் பூட்டியவனும் அருளப்புதான். மணக்க வேண்டிய வேலைக்கு நிறஞ்சலாவைக் கூட்டிக்கொண்டு போகிறான். ஊர் கொஞ்ச நாள் கேலி செய்துவிட்டு விட்டுவிட்டது.

எனக்கும் அன்று காலையிலிருந்தே மணந்தது. வள்ளம் என்றால் எண்ணெய் மணக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.