விசில்காரர் மனைவி பார்த்த முதல் ஆட்டம்

அவர் தொழில் குழாய் பொருத்துவது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘விசில்காரர்’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகக் கிளம்பிவிடுவார். மனைவி அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடுத்ததோடு சரி. மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆறு நாளும் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிறு மத்தியானத் தூக்கம்தான் பெரிது.

கடைத்தெருவில் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் பார் திறந்தார்கள். கூடவே சாப்பாட்டுக் கடையும். சமையலறைக்குக் குழாய் போட்டது விசில்காரர்தான். திறந்த வாரமே குடும்பத்தோடு வந்து சாப்பிட வேண்டுமென்று முதலாளி கூப்பிட்டிருந்தார்.

“பாருக்கு நான் எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“குடிக்கிறவன் குடிக்கட்டும். நாம சாப்பிட்டுட்டு வந்துடலாம். நான் போட்ட குழாயையும் நீ பாத்த மாதிரி இருக்கும்.”

“குழாயைக் காட்ட பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள்.

சனிக்கிழமை மதியம். உள்ளே பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. நான்கு சுவரிலும் டிவி, எல்லாவற்றிலும் ஒரே ஆட்டம். அவர் நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய், குனிந்து அடியில் தடவிப் பார்த்து, சொட்டவில்லை என்ற நிம்மதியோடு வந்து உட்கார்ந்தார். வறுத்த கோழியும் எலுமிச்சை ஜூஸும் வந்தன.

முதல் பத்து நிமிடம் அவள் கோழியைத்தான் கவனித்தாள். பிறகு கழுத்து தானாக டிவி பக்கம் திரும்பியது. நீலச் சட்டைக்காரர்களில் குட்டையான ஒருவன் ஓடுகிற ஓட்டம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் பந்தை வலைக்குள் அடித்ததும் கைதட்டப் போனாள். அதற்குள் நடுவர் விசில் ஊதி, கோல் இல்லை என்று கையை ஆட்டிவிட்டார்.

கடையே கத்தியது. அவளும் மேசையைத் தட்டினாள். “இந்தாளுக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு? முண்டம்.”

“அவன் சரியாத்தான் ஊதினான். உன் ஆளு பந்துக்கு முன்னாடியே போய் நின்னுட்டான், ஆஃப்சைடு.”

“விசில் வெச்சிருக்கிறவனை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டீங்களே.”

அவர் சிரித்தார். அப்போது பக்கத்து மேசைக்காரன் நடுவரின் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். அவள் டிவியை விட்டுவிட்டு ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“உங்களையும் இப்படித்தான் பேசுவாங்களா?”

“இது ஒண்ணுமே இல்ல. ஒரு தடவை தண்ணி பாட்டில் பறந்து வந்து காதுல பட்டுச்சு.”

“கதவு இடிச்சுதுன்னு சொன்னீங்களே?”

“உண்மையைச் சொல்லியிருந்தா அடுத்த வாரம் விட்டிருப்பியா?”

அவள் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் தூக்கத்தை விட்டுவிட்டு, குடையும் கையுமாக அவளும் மைதானத்துக்கு வந்தாள். ஆட்டம் சூடுபிடித்த நேரம், தடித்த ஆள் ஒருவன், “ஊதத் தெரியலைன்னா வீட்டுக்குப் போய்யா” என்று கத்தினான். அவள் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

“உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க போய் ஊதுங்க. அவர் உட்காரட்டும். முட்டி வலியோட ஓடுறார்.”

அவன் திருதிருவென்று விழித்தான். ஆட்டக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். விசில்காரர் எல்லைக்கோடு வரை ஓடி வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மனைவிக்குக் காட்டினார்.

“இன்னொரு தடவை பேசினா வெளியே அனுப்பிடுவேன்.”

“அனுப்பித்தான் பாருங்களேன். வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு.”

குடையை விரித்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் மறுபடி தொடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. சிரிப்பு அடங்கினால்தானே அவரால் விசில் ஊத முடியும்.