லேசான டிரைபாட் போதும் என்று நினைத்தேன்

மைசூரு விஜயநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் நான். என் கணவர் இருந்தவரை, ஞாயிறுதோறும் இருவரும் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போவோம். அவர் கல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் நின்று, அவருடைய கனத்த பைனாகுலரை அவர் தலைமேலேயே ஊன்றிப் பார்ப்பேன். "மூச்சு விடாதீங்க, ஆடுது" என்று அதட்டுவேன்.

அவர் போன பிறகு, என் கைநடுக்கத்துக்கு ஒரு டிரைபாட் தேவைப்பட்டது. கடையில் இருந்ததிலேயே லேசானதைக் கேட்டேன்.

"பையில இருக்கறதே தெரியாது, மேடம்" என்றார் கடைக்காரர். தனியாகத் தூக்கிப் போகிறவளுக்கு அதுதானே வேண்டும்?

முதல் நாளே, அதன் கால்களை என் உயரத்துக்கு முழுக்க நீட்டி, பைனாகுலரைப் பொருத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்று வீசியது. டிரைபாட் பைனாகுலரோடு தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. நான் "பிடிங்க, பிடிங்க" என்று கத்த, நடைப்பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி பாய்ந்து பிடித்தாள்.

"அய்யோ ஆன்ட்டி, ஒப்பரே வந்தீங்களா? கூட யாரும் இல்லையா?" என்றாள், கன்னடம் கலந்த தமிழில். நான் டிரைபாட்டை மடக்கத் தொடங்கினேன்.

வீட்டில் நிதானமாகப் பார்த்தபோதுதான், டிரைபாட்டின் நடுத்தண்டுக்கு அடியில் பாரம் மாட்ட ஒரு கொக்கி இருப்பது தெரிந்தது.

இப்போதெல்லாம் அதன் கால்களைப் பாதிதான் நீட்டுகிறேன். அவர் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கிறேன். கொக்கியில் என் பை தொங்கும். இருவராக வந்த நாட்களைப் போலவே அதில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். ஒன்றை நான் குடிக்கிறேன். மற்றதை வீடு திரும்பும்வரை திறப்பதில்லை. கனம் வேண்டுமே.