மூலையில் கறுப்பு

இன்று காலை உறையூரில் என் வீட்டு வாசலில் ஜீயபுரத்து முரளியின் அப்பா வந்து நின்றார். கையில், ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் புகுந்து ஆடும் நம் பகடை விளையாட்டுக்காக நான் நடத்தும் இதழ்.

"தம்பி, எம் பையன் எங்க?"

அவர் காட்டிய பக்கத்தில், 'மாவீரன் முரளி பூதக் குகையில் காலமானார்' என்று நான்தான் எழுதியிருந்தேன். போதாதென்று, பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் மை அப்பி மூலையெல்லாம் கறுப்பு. சாவுச் சேதி சொல்லும் கடிதம் மாதிரியே இருந்தது. முரளியின் ஊர் விலாசத்துக்குத் தபாலில் போனதைப் பார்த்து, அனுப்பியவர் முகவரியைத் தேடி வந்திருக்கிறார்.

"அது விளையாட்டுங்க. செத்தது கதையில வர்ற முரளி."

"பேரு எம் பையன் பேருதானே?"

முரளி சில வாரமாக ஆட வரவில்லை. அதனால்தான் அவனுடைய வீரனைச் சாகடித்தோம். ஏன் வரவில்லை என்று நம்மில் ஒருவரும் விசாரிக்கவில்லை.

முரளி தங்கிப் படிக்கும் ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில் அவர் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.

முரளி மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இதழை வாங்கிப் பார்த்தான்.

"என்னை எப்படா கொன்னீங்க?"

அவன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நண்பர்களே, அடுத்த இதழின் மூலையில் மஞ்சள் தடவலாம்தான். ஆனால் பெண் யாரென்று கேட்டு மறுபடி வந்து நிற்பார். வேறு நிறம் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.