மல்-சுன் தேய்க்காத இடம்

மோக்போ துறைமுகத்துப் பெண்கள் குளியல் கூடத்தில் மல்-சுன் இருபத்திரண்டு வருடமாகக் கூலிக்கு முதுகு தேய்க்கிறாள். முகம் மறந்தாலும் முதுகு மறக்காது அவளுக்கு.

மீன் விற்கும் கும்-ஜாவுக்குக் குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஐந்து வருடம். நோய் போய்விட்டது, இனி வரவேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, குளியல் கூடத்தில் எல்லோருக்கும் அரிசிக் கேக் கொடுத்தாள். அன்றுதான் அவளுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே மல்-சுன் கையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. போன மாதம் அது இல்லை.

"அக்கா, இத டாக்டர்கிட்ட காட்டிரு."

"குடல்ல வந்தது முதுகுக்கு ஏறுமாடி? கேக்கத் தின்னுட்டு வேலையப் பாரு."

மல்-சுன் நச்சரித்து அனுப்பிவைத்தாள். அதே நோய்தான். தோலுக்கு வருவது ரொம்ப அபூர்வமாம். படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் இரண்டிலும் பரவியிருந்தது. சீக்கிரம் சொல்லியும் பலனில்லை.

அடுத்த வாரம் கும்-ஜா வழக்கம்போல வந்து குப்புறப் படுத்தாள். மல்-சுன் வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் கை தானாக விலகியது.

"என்னடி, சுத்திச் சுத்திப் போற? அங்கயும் தேய். அதுவும் என் முதுகுதான்."