எங்கள் இடத்தை நாங்களே வாங்கப் பார்த்த கதை

தாம்பரத்தைச் சுற்றியிருந்த ஊர்களை எல்லாம் ஒன்று சேர்த்து மாநகராட்சி ஆக்கியபோது, எங்கள் பேரூராட்சியை மட்டும் இலை ஓரத்துக் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் தலைவருக்கு அது ஆறாத புண். மாநகராட்சிதான் வரவில்லை, ஒரு கம்பெனியாவது வரட்டும் என்று கிளம்பினார். கிளம்பிய சில மாதங்களில் ஒன்று மாட்டியது. மின்சார ஸ்கூட்டருக்கு சீட் தைக்கும் கம்பெனி.

கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன்பே சலுகைகள் தயாராகிவிட்டன. பேரூராட்சியே நிலத்தை வாங்கி நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கும். பத்து வருடம் சொத்து வரி கிடையாது. குடிநீர் இணைப்பு இலவசம். கேட் வரைக்கும் தார் ரோடு. எங்கள் தெருவுக்கு ரோடு கேட்டு நான் எழுதிய மனுக்களுக்கு வந்த “நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்ற பதில் என்னிடம் மூன்று இருக்கிறது, மூன்றிலும் அதே எழுத்துப்பிழை. கம்பெனி என்றதும் நிதி நிலை தானாக ஏற்றபடி ஆகிவிட்டது.

பேரூராட்சி வாங்கத் தேர்ந்தெடுத்த நிலம் எங்கள் தெருவுக்கு எதிரே இருந்த காலி இடம். பாதிக்குச் சீமைக் கருவேலம், மீதியில் தண்ணீர் லாரி நிற்கும், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் நடக்கும். நடுவில் நின்றால் திருநீர்மலை கோபுரம் தெரியும். பட்டா, மணலும் ஜல்லியும் விற்கும் கடைக்காரரின் காலஞ்சென்ற அப்பா பேரில் இருந்தது. இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர் அந்த அப்பா. இது விற்காமல் தங்கிப்போன துண்டு என்று மகன் நம்பிக்கொண்டிருந்தார். நம்பியது பொய்யல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

என் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு மாலை கையில் செல்போனோடு வந்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. நோட்டீஸ் போர்டைப் படம் எடுத்து வந்திருந்தார்.

“பதினாலாவது ஐட்டம் படிங்க சார்.”

படித்தேன். தொழில் வளர்ச்சிக்காக நிலம் வாங்குவது மற்றும் சலுகைகள் வழங்குவது, மன்றத்தின் முடிவுக்கு.

“என் வாசலுக்கு நேரா காம்பவுண்ட் சுவர் வருது. ஜெனரேட்டர் இந்தப் பக்கம்தானாம். ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டாம். சாயங்காலம் கேட்டாண்ட நாற்காலி போட்டு உட்காருவேன், அது ஒண்ணுதான் சார் எனக்கு. இவர் இந்த பிளாட்டையே எதுக்கு எடுத்தார்? எதிர்ல பார்க் வரும்னுதானே?”

‘இவர்’ என்றால் இறந்துபோன கணவர். மனைப்பிரிவு வரைபடத்தை அந்த மனிதர் அந்தக் காலத்திலேயே லேமினேட் செய்து வைத்திருந்தார். அதில் எதிர் இடம் பச்சையாக இருந்தது. உள்ளே ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது.

“நீங்க ரெவின்யூல இருந்தவர். இந்த இடம் யாருது சார்?”

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். வருவாய்த் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கைவந்துவிடும் வாக்கியம் இது. இதைச் சொன்னவர் பார்க்கவும் வேண்டியதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

எனக்குப் பார்க்க வேண்டியதே இருக்கவில்லை. அந்த இடம் யாருடையது என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

மனை போடுகிறவர் அதில் ஒரு பங்கை விளையாடவும் காற்று வாங்கவும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மணல் கடைக்காரரின் அப்பா ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தார். பேரூராட்சியும் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்பியது. அப்போது அங்கே துணை வட்டாட்சியராக இருந்தவன் நான்.

தாலுகா ஆபீசில் மாதக் கடைசி தேதிக்கு ஒரு மகிமை உண்டு. மறுநாள் கலெக்டர் ஆபீசுக்கு நிலுவைப் பட்டியல் போயாக வேண்டும், அதில் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். ஒரு மனுவைத் தீர்க்க இரண்டு வழி. விசாரித்து உத்தரவு போடலாம், அதற்கு இரண்டு மாதம் ஆகும். ஏதாவது குறை கண்டு திருப்பி அனுப்பலாம், அதற்கு இரண்டு நிமிடம். பட்டியலில் இரண்டும் ஒன்றுதான், ‘முடிவு செய்யப்பட்டவை’. ஆகவே கடைசி தேதி மதியத்துக்கு மேல் கட்டுக்கட்டாகத் திருப்புவோம். நான் அதில் வேகமானவன். அந்த மனுவில் நான் எழுதியது: “மன்றத் தீர்மான நகல் இணைக்கப்படவில்லை. திருப்பப்படுகிறது.” பேரூராட்சியில் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக் கோப்பைக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

பிறகு நானே அந்த மனைப்பிரிவில் வீடு வாங்கினேன். பத்திரத்தில் சர்வே எண்ணைப் பார்த்ததும் நினைவு வந்தது. அடுத்த மாதம் ஒரு மனு எழுதிப் போடலாம் என்று நினைத்தேன். இருபது வருடத்தில் எத்தனை அடுத்த மாதங்கள் உண்டு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த முறை நினைப்போடு நிறுத்தவில்லை. பத்திரப் பதிவு ஆபீசில் வில்லங்கச் சான்று வாங்கினேன். பேரூராட்சியும் வாங்கியிருந்தது, ஆனால் முப்பது வருடத்துக்கு. வங்கி கேட்பது முப்பது என்பதால் ஊரே முப்பதுக்குத்தான் பார்க்கும். தானப் பத்திரம் முப்பத்திரண்டாவது வருடத்தில் உட்கார்ந்திருந்தது. டீச்சரிடம் சான்றைக் காட்டினேன். திருப்பி அனுப்பிய ஆளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம். இதுவரை யாரும் பார்க்க வராததால் நாற்காலி போடும் வழக்கம் இல்லை. டீச்சருக்கு மட்டும் பியூன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். நான் பீரோவில் சாய்ந்து நின்றேன். பதின்மூன்று பொருள்கள் படிப்பதற்குள்ளேயே நிறைவேறின. பதினான்கில் தலைவர் எழுந்தார்.

“கம்பெனி வந்துச்சுன்னா நம்ம ஊரு எங்கியோ பூடும். வேலவாய்ப்பு, டெவலப்மென்ட்டு, எல்லாம் தன்னால வரும்.”

“எத்தினி பேருக்கு வேலை?” என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டார்.

“அது அவங்க முடிவு பண்ணுவாங்கக்கா.”

“உள்ளூர் ஆளுங்கள எடுப்பாங்களா?”

“வாட்ச்மேன் கண்டிப்பா உள்ளூருதான். எழுதியே வாங்கிட்டேன்.”

டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து லேமினேட் செய்த வரைபடத்தை நீட்டினார். “இது பார்க்குக்கு விட்ட இடம். மேப்ல இருக்கு பாருங்க.”

தலைவர் எட்டாம் வகுப்பில் அவரிடம் படித்தவர். குரல் தானாக இறங்கியது. “டீச்சர், பச்சையா கலர் அடிச்சா பார்க்காயிடுமா? ஆபீஸ் கணக்குல பட்டா நம்ம மணல் கடை மச்சான் அப்பா பேர்ல கீது.”

மணல் கடைக்காரர் பட்டாவை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்தார். “பரம்பரை சொத்து டீச்சர். ஊருக்கு நல்லது நடக்கட்டும்னுதான் குடுக்கறேன். இல்லாங்காட்டி ஃபிளாட்டு கட்டறவன் டெய்லி வந்துகினு கீறான்.”

பட்டாவைப் பார்த்ததும் மன்றம் அடங்கிவிட்டது. டீச்சர் வரைபடத்தைச் சுருட்ட முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பீரோவை விட்டு நகர்ந்தேன்.

“இந்த இடத்தை நீங்க வாங்க முடியாது” என்றேன்.

“ஏன் சார்?”

“ஏற்கெனவே உங்களோடது.”

சான்று மேசை மேல் கை மாறிக் கை மாறிப் போனது. செயல் அலுவலர் இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை படித்தார்.

“ஆமாங்க தலைவரே. நமக்குத் தானமா எழுதியிருக்காங்க.”

“எங்கப்பாவா?” என்றார் மணல் கடைக்காரர். “சும்மாவா? எங்கப்பா டீ வாங்கித் தரச் சொன்னாலே யோசிக்கற ஆளாச்சே!”

“நம்மளுதுன்னா பட்டா ஏன் மாறல?” என்று தலைவர் கேட்டார்.

“பேரூராட்சி மனு போட்டுது. தாலுகா ஆபீஸ்ல திருப்பிட்டாங்க.”

“எதுக்கு?”

“தீர்மான நகல் இல்லைன்னு.”

“ஒரு காகிதத்துக்கா? எந்தப் புண்ணியவான் சார் அது?”

“நான்தான்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்துகொண்டார், என் பக்கம் திரும்பவில்லை.

முதலில் தெளிந்தவர் தலைவர். முகம் மலர்ந்தது. “அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு! காசு குடுத்து வாங்கவே வேணாம். நம்ம எடத்த நம்ம சும்மாவே கம்பெனிக்கு உட்டுடலாம்!” மேசை தட்டப்பட்டது.

பூங்காவுக்கென்று வந்த இடத்தை வேறு காரியத்துக்கு விட முடியாது, விட்டால் எவரும் கோர்ட்டுக்குப் போகலாம், போனால் முதல் பிரதிவாதி செயல் அலுவலர்தான் என்று நான் நிதானமாகச் சொன்னேன். முதல் இரண்டு செய்திகளும் எங்கே போய் விழுந்தன என்று தெரியவில்லை. மூன்றாவது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்த செயல் அலுவலர் பேனாவை எடுத்து அவராகவே எழுதினார்: “பேரூராட்சிக்குச் சொந்தமான நிலத்தைப் பேரூராட்சி விலைக்கு வாங்கும் பொருள் ஒத்திவைக்கப்படுகிறது.” ரத்து என்று எழுத அந்த ஆபீசில் யாருக்கும் பழக்கமில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தோம். டீச்சர் தன் வீட்டுக் கேட்டைத் திறந்தபடியே கேட்டார்.

“இருபது வருஷமா பக்கத்து வீட்ல இருக்கீங்க. கிறிஸ்துமஸுக்குக் கேக் குடுக்கறேன். ஒரு வார்த்தை சொல்லலையே சார்?”

“மாசக் கடைசி…” என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

“பட்டா மாறாத வரைக்கும் நாளைக்கே இன்னொரு கம்பெனி வரும். அந்த மனுவை மறுபடி எழுதுங்க. இந்தத் தடவை எதையும் விட்டுடாதீங்க.”

எழுதினேன். தானப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வரைபடம், எல்லாம் இணைத்து, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் தேதி திரும்பி வந்துவிட்டது. “மன்றத் தீர்மான நகல் இணைக்கப்படவில்லை.” ஒரு தீர்மானம் உண்டுதான், ஆனால் அதில் நாங்கள் அந்த நிலத்தை வாங்குவதை ஒத்திவைத்திருப்பதாக அல்லவா எழுதியிருக்கிறது? தானத்தை ஏற்ற பழைய தீர்மானப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. அடுத்த மன்றத்தில் புதிதாக ஒன்று போடச் செய்து, மறுபடி கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் வேறு குறை: நில வரைபடத்தில் அளவரின் கையெழுத்து தெளிவாக இல்லை.

“இந்தக் குறை நம்ம காலத்துக் கண்டுபிடிப்பு இல்லையே” என்று அந்தக் குறிப்பைக் கொஞ்சம் மரியாதையோடு படித்தேன். டீச்சருக்கு அந்த மரியாதை இல்லை.

“அதென்ன சார், எப்பவும் கடைசி தேதிலயே வருது?”

அப்போதுதான் நிலுவைப் பட்டியலை அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பரீட்சை ஹாலில் முப்பது வருடம் நின்றவர்.

“அப்ப அன்னைக்கு நாம போய் எதிர்லயே உட்காரணும்.”

மூன்றாவது முறை அளவரைத் தேடிப் பிடித்துப் புதுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த மாதக் கடைசி தேதி காலை பத்து மணிக்குத் துணை வட்டாட்சியரின் மேசைக்கு எதிரே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நாற்பது வயதிருக்கும் அம்மையார், மேசை மேல் கட்டுகள். டீச்சர் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார்.

“என்ன வேணும்மா?” என்றார் அவர்.

“ஒண்ணும் வேணாம். எங்க மனு உங்ககிட்ட இருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கோம்.”

மதியத்துக்கு மேல் திருப்பும் வேலை ஆரம்பித்தது. பேனா போகும் வேகத்தைப் பார்த்தேன், என்னைவிட நல்ல கை. மூன்றரைக்கு எங்கள் கோப்பு மேலே வந்தது. பேனா தூக்கப்பட்டது. டீச்சர் தலையைச் சற்று சாய்த்து அந்தப் பேனாவையே பார்த்தார். அம்மையார் கோப்பை அடியில் செருகினார். நாலேகாலுக்கு அது மறுபடி மேலே வந்தது. மறுபடி பார்த்தார் டீச்சர்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

“இருக்கும்மா. ஆனா இன்னைக்கு இது பெண்டிங்ல நிக்கக் கூடாது.”

“நிக்க வேணாமே. உத்தரவு போட்டாலும் பெண்டிங் போயிடும்ல?”

இந்த வழி இருப்பது அந்த மேசைக்கு மறந்தே போயிருந்தது. என் காலத்திலும் அப்படித்தான். அம்மையார் என்னைப் பார்த்தார், நான் சன்னல் பக்கம் பார்த்தேன். ஐந்துக்கு முன் கணினியில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். பட்டா பேரூராட்சி பேருக்கு மாறியது. முப்பத்திரண்டு வருடக் கோப்பு, உட்கார்ந்தால் ஏழு மணி நேரம்.

கம்பெனி பக்கத்து ஊராட்சிக்குப் போய்விட்டது. அங்கே பதினைந்து வருட வரிவிலக்கு என்று தலைவர் வயிறெரிந்தார். பிறகு இங்கே பூங்காவைத் திறந்துவைத்து, ‘தலைவரின் பெருமுயற்சியால்’ என்று கல் வைத்துக்கொண்டார். மணல் கடைக்காரர் ஒரு சிமெண்ட் பெஞ்ச் போட்டு அப்பா பேரை அதில் எழுதினார். வருகிறவர்களிடம் எல்லாம், “எங்கப்பா சும்மாவே ஊருக்கு எழுதிக் குடுத்துட்டாரு, தெரியுமா?” என்கிறார். சொல்லும்போதெல்லாம் அவருக்கே அது புதுச் செய்தியாக இருக்கிறது.

டீச்சர் சாயங்காலம் கேட்டருகே உட்காருவதை விட்டு அந்தப் பெஞ்சுக்கு மாறிவிட்டார். மலை தெரியும் பக்கமாக உட்காருவார். போன வாரம் பக்கத்து ஊராட்சியிலிருந்து ஒருவர் பூங்காவுக்கே வந்து, கம்பெனிக்கு வாங்கிய நிலத்தின் காகிதங்களைப் பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.

“பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

பெஞ்சிலிருந்து டீச்சர் திரும்பினார். “எப்போ சார்?”

“நாளைக்குக் காலைல” என்று வந்தவரிடம் திருத்திச் சொன்னேன்.