படகு என்றாள் என் மனைவி

பக்கவாதம் வந்ததில் என் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. அரியமங்கலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ஆட்டோ வைத்துப் புத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன்.

முதல் நாளே பயிற்சி தரும் பெண் என்னிடம், "அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது எது சார்? அந்த வார்த்தையிலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

"காபி" என்றேன், யோசிக்காமல். முப்பது வருஷமாகக் காலையில் டிகாக்ஷன் இறக்கி அவளுக்குக் கலந்து கொடுப்பது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் மேஜையில் காபி, டீ, பழம் என்று படங்களைப் பரப்பி, பிடித்ததைத் தொடச் சொன்னார். என் மனைவி இடது கையை நீட்டி டீ கிளாஸ் படத்தைத் தொட்டாள்.

"குழம்பிட்டா" என்றேன்.

அவர் படங்களை இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் டீ. இன்னொரு முறை மாற்றினார். அப்போதும் டீதான்.

திரும்பும்போது ஆட்டோவில், "ஏன் எங்கிட்ட இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். அவளால் இனிமேல் சொல்ல முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சென்னையிலிருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். "நீங்க வேலைக்குக் கிளம்பினதும் அம்மா தனக்கு டீ போட்டுப்பாங்களேப்பா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அதற்குப் பிறகு எதையும் கேட்டுத்தான் செய்தேன். ஃபேன் வேண்டுமா, எந்தப் புடவை, ஜன்னலைச் சாத்தட்டுமா. பாதிக்குமேல் நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறாகத் தலையசைத்தாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் தெளிவாக, "படகு" என்றாள். பாடத்தில் இல்லாத வார்த்தை. சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது. மிச்சத்தை நான் சொல்வேன் என்பதுபோல் என்னையே பார்த்தாள்.

"எந்தப் படகும்மா?"

"படகு."

ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போய்க் காவிரிப் படித்துறையில் உட்கார வைத்தேன். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது இல்லை என்று தலையாட்டினாள். மகளுக்கும் தெரியவில்லை. என் மனைவியின் அக்காவும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"எனக்குத் தெரியலம்மா. மன்னிச்சுக்க" என்றேன். என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மார்கழியில் மறுபடியும் பக்கவாதம் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "உங்க அளவுக்கு அவங்களைப் புரிஞ்சவங்க யாருங்க இருக்கா?" என்றார்.

"இல்லைங்க, அந்தப் படகு எதுன்னுகூட எனக்குத் தெரியாது" என்றேன். நான் அழுகையில் ஏதோ சொல்வதாக நினைத்து அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.