விலை மட்டும் சொல்லும் தியாகலிங்கம்

குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று யாராவது கேட்டால், தியாகலிங்கம் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகு கேட்டவரின் செருப்பைப் பார்ப்பார், கடைசியில் "ஒண்டுக்கு மூண்டு" என்பார். மழை வரும் என்றோ வராது என்றோ அவர் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. ஒன்று கட்டினால் மூன்று கிடைக்கும். அதாவது இப்படிப்பட்ட நான்கு நாளில் ஒரு நாள் நனைவீர்கள். குடையை எடுப்பதும் எடுக்காததும் உங்கள் பாடு.

இது முழுக்க உண்மைக் கதை. ஒரு சொட்டுப் பொய் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆக்லாந்தில் சான்ட்ரிங்ஹாம் வீதியில் எந்த மளிகைக் கடையிலும் விசாரித்துக்கொள்ளலாம். விசாரிக்கப் போகிறவர்களுக்காக ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவருடைய குரல், ஸ்வர்ணா கடை வடையின் பருமன், திருநாவுக்கரசின் கோபம், இந்த மூன்றையும் கொஞ்சம் இழுத்துத்தான் எழுதியிருக்கிறது. குதிரைகளை யாரும் இழுக்கவில்லை. அவை தாமாகவே ஓடின.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஆக்லாந்தின் ஓரத்தில், விரி என்ற இடத்தில், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். யானையைத் தூக்கி அலமாரியில் வைக்கச் சொன்னாலும், தும்பிக்கை பக்கத்துப் பெட்டியில் படாமல் வைப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பதினெட்டு வயதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ரேஸ் புக்கிக் கடைக்குப் பலகை எழுதப் போனார். குதிரைகள் ஓடியது இங்கிலாந்தில், பந்தயம் கட்டியது கொட்டாஞ்சேனையில். அங்கிருந்து ஸ்பீக்கரில் ஒவ்வொரு குதிரைக்கும் பந்தய விலை வரவர, இவர் ஸ்டூலில் ஏறி நின்று வலது கையால் புது விலையை எழுதுவார், இடது சட்டைக் கையால் பழையதை அழிப்பார். இன்றைக்கும் அவருடைய சட்டைகளில் இடது கைதான் முதலில் நைந்து போகிறது. மனைவி ரதிதேவி வலது கை புதிதாக இருக்கிற சட்டைகளாக ஒரு பெட்டி சேர்த்து வைத்திருக்கிறார். இடது கை மட்டும் எங்காவது விற்றால் சொல்லுங்கள் என்கிறார்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. பலகை எழுதுகிறவன் பந்தயம் கட்டக்கூடாது. கடையை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் அகதியாக ஆக்லாந்துக்கு வந்து, பிள்ளைகள் பெற்று, மோர்கேஜ் கட்டி முடித்துவிட்டார். அந்தச் சட்டத்தை மட்டும் இன்னும் மீறவில்லை. எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் உண்மையான குதிரைகள், உண்மையான புல்லில், பஸ் போகிற தூரத்தில் ஓடுகின்றன. ஒரு நாளும் போனதில்லை.

"நேரில பாத்தா ஒரு குதிரையில ஆசை வரும்," என்பார். "ஆசை வந்தா விலை பிழைச்சுப் போகும்."

அவருடைய பலகை ஸ்வர்ணாவின் சாப்பாட்டுக் கடைச் சுவரில் தொங்குகிறது. பதினான்கு வருடத்துக்கு முன் கடை திறந்தபோது, இட்லி விலை எழுத ஸ்வர்ணா வாங்கிய கரும்பலகை அது. இரண்டாவது வாரமே தியாகலிங்கத்தின் கைக்குப் போய்விட்டது. இட்லி என்ன விலை என்பதை இன்றைக்கும் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் தினமும் சாப்பிட வருகிற பிரணவனுக்கு இந்த மாதம் விசா வருமா என்பது சுவரில் எழுதியிருக்கும். திருநாவுக்கரசு இன்றைக்கு யாரோடு சண்டை பிடிப்பார் என்பதும் எழுதியிருக்கும், மூன்று பெயர்களோடு.

திருநாவுக்கரசு அவருடைய பழைய கூட்டாளி, டவுனுக்கு பஸ் ஓட்டுகிறவர். ரதிதேவிக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று கூட இருந்ததும் அவர்தான். நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்குச் சுகமாகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். நடையில் உட்கார்ந்திருந்த சிநேகிதனைத் தேற்றுவதற்கு வேறு வழி தெரியாமல் திருநாவுக்கரசு கேட்டார்:

"நீ என்ன விலை சொல்லுறாய், மச்சான்?"

"அதுக்குப் பலகை இல்லை," என்றார் தியாகலிங்கம். ஆறு மணி நேரம் வேறு ஒன்றும் பேசவில்லை. ரதிதேவி கண் விழித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்.

வருடத்தில் ஒரு நாள் பலகை முழுக்கக் குதிரைகளுக்கே. ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை இங்கிலாந்தில் எப்சம் டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயம். அங்கே பட்டப்பகல். இங்கே ஞாயிறு விடிவதற்கு முன், குளிரில் எல்லாரும் போர்வைக்குள். எழும்பிப் பார்ப்பதற்குத் தியாகலிங்கத்துக்கு இஷ்டம் இல்லை. ஞாயிறு பத்து மணிக்கு, இடியப்பம் ஆவி பறக்கிற நேரத்தில், கடைக்கு வருகிற அத்தனை பேரும் போனை அணைத்து ஸ்வர்ணாவின் பெரிய இட்லிப் பானைக்குள் போட்டுவிட வேண்டும். முடிவை முன்னாலேயே பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. பிறகு முடிந்துபோன ரேஸை லேப்டாப்பில் சத்தமில்லாமல் ஓடவிட்டு, தியாகலிங்கம் தமிழில் சொல்லுவார். அந்தக் குரலுக்குப் பக்கத்து மவுண்ட் ஈடனில் நாய்கள் எழும்பி நிற்கும்.

வெல்லும் வாய்ப்பு அதிகம் என்று பலகையில் மிகக் குறைந்த விலை போட்ட குதிரைக்கு அவர் வைத்திருக்கிற பெயர் மாப்பிள்ளை. "எல்லாரும் அவரைத்தான் பாப்பினம். கடைசியில நடக்கிறது வேற," என்பார். யார் மாப்பிள்ளை என்பதை அவர் முடிவு செய்கிற விதம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது. எப்சத்தில் குதிரைகள் ஒரு மேட்டில் ஏறி, இறக்கத்தில் ஓடியபடியே இடது பக்கம் திரும்ப வேண்டும். சுமை ஏற்றிய ஃபோர்க்லிஃப்டை இறக்கத்தில் முன்பக்கமாக விடக்கூடாது, இறக்கத்திலேயே திருப்பவும் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவன் எப்படி விழுவான் என்பதை விரியில் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறவர் அவர். சாப்பாட்டு இடைவேளையில் பழைய ரேஸ்களைப் போனில் போட்டுப் பார்ப்பார். எது வென்றது என்று பார்ப்பதில்லை. இறக்கத்தில் முன்கால் எங்கே விழுகிறது, பின்பக்கம் எவ்வளவு கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வருடம் பாஸ்கரன் வந்தார். எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர், நல்ல பிள்ளை. தோசையைக்கூட ஓரத்திலிருந்து அளந்து சாப்பிடுகிறவர். டெர்பிக்கென்று ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதே வாரம் ஸ்வர்ணாவும் தன் கடைக்கு ஒரு பெரிய டிவி வாங்கிவிட்டார். டிவி பெட்டியோடு கல்லாப்பக்கம் படுத்துக் கிடந்தது. அதைத் தாங்குகிற அளவுக்கு உள்ளே மரச்சட்டம் உள்ள சுவர் கடையில் ஒன்றுதான். பலகை தொங்குகிற சுவர்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் பாஸ்கரன் சனிக்கிழமை மத்தியானம். "பதினஞ்சு வருஷ டேட்டா போட்டிருக்கேன். நார்தர்ன் பெல்ங்கிற குதிரை ஜெயிக்க நாப்பத்தோரு பர்சென்ட், அதுதான் என் மாப்பிள்ளை. டிவி வந்தா இதெல்லாம் தானா மாறிக்கிட்டே இருக்கும். நீங்க அழிச்சு அழிச்சு எழுத வேணாம்."

"அந்தப் பதினைஞ்சு வருஷத்தில ஒரு குதிரையாவது இறக்கத்தில முழங்காலை எப்பிடி மடிச்சது எண்டு உங்கட கம்ப்யூட்டர் பாத்ததோ, தம்பி?"

"முழங்காலுக்கு டேட்டா இல்ல அங்கிள்."

"முழு ரேஸும் அங்கதான் கிடக்கு."

நார்தர்ன் பெல்லுக்கு முன்பாரம் அதிகம் என்பது தியாகலிங்கத்தின் கணிப்பு. அதை ஒண்டுக்கு ஆறு என்று கீழே தள்ளி, குவயட் மில்லர் என்ற குதிரையை மாப்பிள்ளை ஆக்கினார். கடைசி வரியில் லேட் பார்சல் என்று ஒரு சின்னக் குதிரை. பாஸ்கரனின் கணக்கில் அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. தியாகலிங்கம் அதன் பழைய ஓட்டத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒண்டுக்கு முப்பத்திமூண்டு என்று எழுதினார்.

ஸ்வர்ணா தோசைக்கரண்டியோடு வந்து தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேரும் என்ர மண்டையைத் தின்னாதையுங்கோ. பலகையோ டிவியோ, ஆரின்ர மாப்பிள்ளை வெல்லுறாரோ அவரின்ர சாமான் சுவரில நிக்கட்டும். மற்றதுக்கு இடமில்லை."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இரண்டு மாப்பிள்ளையுமே தோற்றுப் போனால் என்ன செய்வது என்று, காலையில் பல் விளக்குவதற்கே வாய்ப்புக் கணக்குப் போடுகிற அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று பஸ் தரிப்பிடம்வரை திருநாவுக்கரசு கூட நடந்தார். "பலகை நிக்குமோ, மச்சான்? என்ன விலை?"

கிடங்கில் தியாகலிங்கத்திடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்று: எந்த வரிசை. வீட்டில் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் போனிடம் கேட்கிறார்கள். மழை வருமா, விசா வருமா, பெண் வீட்டார் சம்மதிப்பார்களா என்று மனிதர்கள் அவரைக் கேட்பது அந்தச் சுவருக்குக் கீழேதான்.

"அதுக்குப் பலகை இல்லை," என்றார்.

திருநாவுக்கரசுக்கு ஆஸ்பத்திரி நடை ஞாபகம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சண்டை பிடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு பத்து மணி. இட்லிப் பானையில் இருபத்தாறு போன். பாஸ்கரனின் லேப்டாப் கல்லாவின் மேல். தியாகலிங்கம் பலகைக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"உள்ளதைத்தான் சொல்லுவன். குதிரையின்ர வாலை மட்டும் கொஞ்சம் நீட்டுவன். வெளிக்கிட்டிட்டினம்."

கடையில் மிக்ஸியை நிறுத்தினார்கள்.

"ஏறுகினம், ஏறுகினம். நார்தர்ன் பெல் நடுவில, ஊர்வலத்தில வாற மாதிரி, ஒரு அவசரமும் இல்லை. குவயட் மில்லர் மூண்டாவது. இனி இறக்கம். தலையைப் பாக்காதையுங்கோ, காலைப் பாருங்கோ. இந்தா, நார்தர்ன் பெல் அகலப் போறார். பாரம் முன்னுக்கு இழுக்குது. போறார், போறார், வெளி வேலிக்கே விருந்துக்குப் போறார்."

பாஸ்கரன் கண்ணை மூடிக்கொண்டார். திருநாவுக்கரசு வடையைத் தூக்கிப் பிடித்தார். உண்மையில் அது இரண்டு கையாலும் தூக்க வேண்டிய வடை.

"குவயட் மில்லர் முன்னுக்கு. இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்திட்டார், வந்திட்டார். ஆர் இவன் உள் வேலிக் கரையால?"

பாஸ்கரன் கண்ணைத் திறந்தார்.

"சின்னவன். லேட் பார்சல். பாருங்கோ அந்தப் பின்காலை, எவ்வளவு வடிவாத் தள்ளுறான். குவயட் மில்லருக்குப் பக்கத்தில. சரிக்குச் சரி. தாண்டிட்டான். லேட் பார்சல் முதல், குவயட் மில்லர் ரெண்டு, நார்தர்ன் பெல் நாலு."

தன் பலகையைச் சுவரிலிருந்து இறக்கப் போகிற குதிரையாக இருக்கலாம் என்று தெரிந்தும் அந்தக் குரல் ஒரு நூல் இறங்கவில்லை. வென்றவனுக்கு உரிய மரியாதையைக் கடைசி அடிவரை கொடுத்தது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது.

"அப்ப பலகை நிக்கும்," என்றார் திருநாவுக்கரசு.

"எப்பிடி நிக்கும்? இவரின்ர மாப்பிள்ளையும் வெல்லேல்லையே," என்றார் ஸ்வர்ணா.

"ரெண்டாவதாவது வந்தார். தம்பியின்ர மாப்பிள்ளை நாலாவது."

"ரெண்டாவதா வாறவருக்கு ஆராவது தாலி குடுப்பினமோ?"

"அங்கிள் அந்தச் சின்னக் குதிரைக்கு முப்பத்திமூணு போட்டார், நான் நூறு போட்டேன்," என்றார் பாஸ்கரன். "நியாயமா பாத்தா அவர்தான் கிட்ட."

"முப்பத்திமூண்டு எண்டா என்ன? வராது எண்டுதானே அர்த்தம்," என்று இடியப்பத் தட்டோடு எழுந்தார் பிரணவன். "அண்ணை வராது எண்டார், வந்திட்டுது. பிழைதானே."

"டேய், முப்பத்திநாலு தரத்தில ஒருக்கா வரும் எண்டு சொன்னவர். இது அந்த ஒருக்கா. எங்க பிழை?" என்றார் திருநாவுக்கரசு.

"அப்ப மற்ற முப்பத்திமூண்டு தரத்தையும் ஓடிக் காட்டச் சொல்லு."

"அப்படிப் பாத்தா நானும்தான் தப்பில்ல. நூறுல ஒரு தடவை வரும்னு சொன்னேன், வந்துருச்சு," என்றார் பாஸ்கரன்.

"தம்பி, நீர் இப்ப ஆரின்ர பக்கம்?" என்று அவர் பக்கம் திரும்பினார் திருநாவுக்கரசு.

"எனக்கே தெரியல அண்ணா. அங்கிள், ஒண்ணு கேக்கவா? அந்த முழங்காலை நீங்க எப்படித்தான் பாக்குறீங்க?"

கேள்வி சத்தத்தில் அமுங்கிப் போனது. பிரணவன் மேசையில் தட்டினார், சட்னி எழும்பி உட்கார்ந்தது. திருநாவுக்கரசின் குரலுக்கு வீதியில் ஒரு பஸ் தானாகவே நின்றது. பலகையும் வேண்டாம் டிவியும் வேண்டாம், சாமிப் படம் மாட்டுவோம் என்று சமையற்கட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். அவரோடும் இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள்.

தியாகலிங்கத்துக்கு அந்தக் கேள்வி கேட்டிருந்தது. பாஸ்கரனைப் பார்த்து, பொறுங்கோ என்று கையைக் காட்டினார். இடது சட்டைக் கையால் குதிரைகளை ஒவ்வொன்றாக அழித்தார். வெண்கட்டியை எடுத்து, சண்டையில் வெல்லப் போகிறவர்களை எழுதத் தொடங்கினார். திருநாவுக்கரசு, ஒண்டுக்கு நாலு. பிரணவன், ஒண்டுக்கு பத்து. சாமிப் படம், ஒண்டுக்கு இருபது. கடைசியாகப் பலகை என்று எழுதினார். விலை எழுத வேண்டிய இடத்தில் வெண்கட்டி நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தார். வாய் ஓயாமல் எல்லாரோடும் வாதாடிக்கொண்டே ஸ்வர்ணா அடுப்பிலிருந்து கொதிக்கிற சாம்பார்ப் பானையைத் தூக்கி வந்து, இறக்கி வைக்க வேறு இடம் தேடாமல், பிரிக்காத டிவிப் பெட்டியின் மேல் வைத்தார். அதன் மேல் கரண்டியையும் வைத்தார்.

தியாகலிங்கம் பலகைக்குத் திரும்பினார். விலைக்குப் பதிலாக, நிதானமாக, கொட்டாஞ்சேனை எழுத்தில், மாப்பிள்ளை என்று எழுதினார்.